எடைமேடை எக்ஸியில் சிம்பல் இருக்கிறதா?

என் மேசை மேல் ஓர் எடைச் சீட்டு இருக்கிறது. ஊர் வேலந்தாவளம். லோடு எடை 18,460 கிலோ, காலி எடை 7,120 கிலோ. சரக்கு என்ற இடத்தில் மட்டும் இரண்டு வெற்றுக் கட்டங்களும் ஒரு கேள்விக்குறியும். அங்கே ‘தேங்காய்’ என்று வந்திருக்க வேண்டும். இந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவர் நேராக என் கடைக்கே வந்துவிட்டார். “சேச்சி, இது காணிச்சா அவிடெ லோடு எறக்கான் சம்மதிக்கில்லா” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. என்ன சரக்கு என்று தெரியாத சீட்டை வைத்துக்கொண்டு எந்தக் களத்துக்காரர் லோடு இறக்குவார்?

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் இருக்கும் ஓர் எடைமேடை அது. தேங்காய், மட்டை, மாட்டுத் தீவனம், செங்கல் என்று எல்லாம் அதன்மேல் ஏறி இறங்கும். பாதி வண்டிகள் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் போகும், மீதி பாலக்காட்டுக்கு. மேடையிலிருந்து சீரியல் கேபிளில் எடை வரும், ஒரு சி பிளஸ் பிளஸ் புரோகிராம் அதை வாங்கிச் சீட்டு அடிக்கும். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த நிறுவனம் இப்போது இல்லை. எழுதிய மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு, எங்கே என்று யாருக்கும் தெரியாது. மேடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் இருந்தது ஓடும் புரோகிராமான ஒரு எக்ஸி ஃபைல், அதற்குத் துணையான இரண்டு டிஎல்எல் ஃபைல்கள், ஒரு பென் டிரைவ். அவ்வளவுதான்.

முதலில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அப்போது ஒரு தொல்லையும் இல்லை. எங்கள் பக்கத்தில் கடைப் பலகை, பஸ் பலகை, கோயில் நோட்டீஸ் எல்லாமே இரண்டு மொழியில் இருக்கும். லோடு ஏற்றுகிறவர்கள் தமிழ் படிப்பார்கள், டிரைவர்களில் பலர் மலையாளம் படிப்பார்கள். சீட்டும் அப்படியே வேண்டும் என்று மேடைக்காரர் ஆசைப்பட்டார். புரோகிராமில் அதற்கான வசதி ஏற்கெனவே இருந்தது, ஊர்ப் பட்டியலை மட்டும் மாற்றி அடித்தால் போதும். மாற்றினார். அன்றிலிருந்து பிடித்தது சனி.

பொள்ளாச்சி என்றால் சரியாக வரும். கோபாலபுரமும் அப்படியே. வேலந்தாவளம் என்று மலையாளத்தில் அடித்தால் சரியாக வரும், தமிழில் அடித்தால் சரக்கு இடத்தில் குப்பை. கொழிஞ்சாம்பாறை என்றால் எந்த மொழியில் அடித்தாலும் புரோகிராம் பட்டென்று மூடிக்கொள்ளும். “தமிழ் ஃபான்ட்டுதான் கோளாறுங்க அம்மிணி, மலையாளம் நல்லாத்தான் வருது” என்று அண்ணன் உறுதியாகச் சொன்னார். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான்கூட ஒரு நாள் முழுக்க ஃபான்ட் மாற்றிப் பார்த்தேன்.

அப்புறம்தான் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். அப்ளிகேஷன் எரர், எண் 1000. பிழை சி0000005, அதாவது தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைப் புரோகிராம் தொட்டிருக்கிறது. எந்த மாட்யூல்? எடைமேடை எக்ஸியேதான். எந்த இடம்? தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்று சொல்லும் ஓர் ஆஃப்செட் எண். கொழிஞ்சாம்பாறை அடித்து நான்கு முறை நிறுத்திப் பார்த்தேன், நான்கு முறையும் அதே எண். அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரே இடத்தில் விழுகிற புரோகிராமைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த ஃபங்ஷன், எந்த வரி? அதைச் சொல்ல சிம்பல் வேண்டும்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாம் கோடு எழுதும்போது ஃபங்ஷனுக்கும் மாறிக்கும் பெயர் வைக்கிறோம். கம்பைலர் அதையெல்லாம் முகவரிகளாக மாற்றிவிடும். ஓடுவதற்கு முகவரி போதும், பெயர் தேவையில்லை. எந்த முகவரியில் எந்தப் பெயர், அது எந்த ஃபைலில் எத்தனையாவது வரி, எந்த ஸ்ட்ரக்சரில் எந்த உறுப்பு எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்ற கணக்கைத்தான் டிபக் சிம்பல் என்கிறோம். அது கையில் இல்லாமல் விழுந்த புரோகிராமைப் பார்ப்பது, சர்வே நம்பர் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய வீட்டைத் தேடுவது மாதிரி.

ஆக முதல் கேள்வி, இந்த எக்ஸியில் சிம்பல் இருக்கிறதா இல்லையா.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியிடம் கேட்டேன். “ரிலீஸ் பில்டா? அப்ப இருக்காதுக்கா” என்றான். நிறைய பேர் இப்படி நம்புகிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிபக் பில்டா (பிழை தேடிப் பார்க்கச் செய்தது) ரிலீஸ் பில்டா (வாடிக்கையாளருக்குக் கொடுக்கச் செய்தது) என்பது ஒரு கேள்வி. சிம்பல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டிபக் பில்டைக் கண்டுபிடிக்க அது எந்த டிஎல்எல்களைக் கேட்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் (விசி) ரன்டைம் டிஎல்எல் பெயரின் கடைசியில் ஒரு ‘டி’ ஒட்டியிருந்தால் அது டிபக் பில்ட். அந்த ‘டி’ போட்ட டிஎல்எல்கள் வாடிக்கையாளர் கணினியில் சாதாரணமாக இருக்காது, அங்கே அந்தப் புரோகிராம் திறக்கவே திறக்காது. ஆனால் ரிலீஸ் பில்டுக்கும் சிம்பல் உண்டாக்கலாம். பல ஆண்டுகளாகவே மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் புதிதாக ஒரு சி பிளஸ் பிளஸ் புராஜெக்ட் தொடங்கினால், ரிலீஸுக்கும் சிம்பல் உண்டாக்கும்படிதான் அமைப்பு இருக்கும். எழுதியவர் அதைப் பற்றி யோசித்திருக்கவே வேண்டாம், அது தானாகவே உருவாகியிருக்கும்.

‘உள்ளே இருக்கிறதா’ என்று கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் சிம்பலை எக்ஸிக்குள் வைப்பதில்லை. பிடிபி என்று தனி ஃபைலில் வைக்கிறது. பழைய விசி 6 காலத்தில் எக்ஸிக்குள்ளேயே திணிக்கவும் ஒரு வழி இருந்தது, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். எக்ஸிக்குள் மிஞ்சுவது ஒரு சிறு விலாசம்தான்: என் பிடிபி இது, அதன் அடையாளம் இது. ஜிசிசி என்ற கம்பைலரை விண்டோஸுக்குக் கொண்டுவந்த மிங்டபிள்யூவில் கம்பைல் செய்தால் நிலைமை நேர்மாறு. அங்கே ஜிசிசிக்கு ‘ஜி’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எல்லா விவரமும் ட்வார்ஃப் என்ற வடிவத்தில் எக்ஸிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எந்தக் கம்பைலர் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியாது.

எங்கள் எடைமேடையில் இரண்டு வகையும் இருந்தன. எடை வாங்கும் டிஎல்எல் மட்டும் மூன்று எம்பிக்கு மேல், எக்ஸியோ 412 கேபி. சீரியல் போர்ட்டைப் படிக்கிற சின்ன வேலைக்கு மூன்று எம்பி எதற்கு என்று சந்தேகம் வந்து, ஃபைலின் உட்பகுதிகளைக் காட்டும் செக்‌ஷன் பட்டியலை ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் எடுத்துப் பார்த்தேன். டிபக் இன்ஃபோ, டிபக் லைன் என்று வரிசையாக நின்றன. வேறு சில கருவிகளில் பார்த்தால் இதே செக்‌ஷன்களுக்கு ஒரு சாய்கோடும் 4, 19, 31 என்ற மாதிரி எண்களும்தான் தெரியும். விண்டோஸ் எக்ஸி வடிவத்தில் செக்‌ஷன் பெயருக்கு 8 பைட்தான் இடம். அதில் அடங்காத பெயரை மிங்டபிள்யூ வேறு ஓர் அட்டவணையில் வைத்துவிட்டு, அது எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற எண்ணை மட்டும் இங்கே எழுதுகிறது. அப்படி எண் போட்ட செக்‌ஷன்கள் பெரிது பெரிதாக நின்றால், பெரும்பாலும் உள்ளே டிபக் விவரம் அப்படியே இருக்கிறது, யாரும் அதை நீக்கவில்லை (ஸ்ட்ரிப் செய்யவில்லை) என்று பொருள். டிஎல்எல்லை எழுதியவர் விட்டுவைத்த அந்த மூன்று எம்பிக்கு நன்றி. ஆனால் விழுந்தது டிஎல்எல் இல்லை, எக்ஸி.

எக்ஸிக்கு வருவோம். மேடை அறையில் இருப்பது பழைய கணினி, அதில் எதையும் நிறுவ எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸோடு வரும் ஃபைன்ட்ஸ்டர் என்ற தேடும் கருவியை வைத்தே முதல் சோதனையைச் செய்துவிடலாம். ‘ஆர்எஸ்டிஎஸ்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை எக்ஸி ஃபைலில் தேடச் சொன்னால் போதும். பிடிபி விலாசம் தொடங்கும் இடத்தில் இந்த நான்கு எழுத்துகள்தான் இருக்கும். எடைமேடை எக்ஸியின் பெயர் திரையில் வந்தது. இருக்கிறது! விசி 6 போன்ற பழைய கருவிகளில் செய்ததாக இருந்தால் ‘என்பி10’ என்று தேட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். பிழை தேட உதவும் டிபக்கர் மாதிரியான புரோகிராம்கள் இந்த எழுத்துகளைத் தங்கள் கோடிலேயே வைத்திருக்கும், அதனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

எக்ஸியை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து டம்ப்பினில் ஹெடர் விவரம் கேட்டேன். டம்ப்பின் விஷுவல் ஸ்டுடியோவோடு வருவது, பில்ட் டூல்ஸ் மட்டும் போட்டிருந்தாலும் கிடைக்கும். வரும் பட்டியல் நீளமானது. பலர் மேலே ‘நம்பர் ஆஃப் சிம்பல்ஸ்’ என்ற இடத்தில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று மூடிவிடுகிறார்கள். அந்த எண் காஃப் என்ற பழைய வகை சிம்பல் அட்டவணைக்கு உரியது. கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்த்து எக்ஸி ஆக்குவது லிங்கர்; மைக்ரோசாஃப்ட் லிங்கர் செய்த எக்ஸியில் அது பூஜ்யமாக இருப்பதுதான் இயல்பு. பார்க்க வேண்டிய இடம் இன்னும் கீழே, ‘டிபக் டைரக்டரிஸ்’ என்ற தலைப்பு. அங்கேயும் பல வரிகள் இருக்கலாம். ‘சிவி’ என்று வகை போட்ட வரிதான் நமக்கு வேண்டியது. மற்றவை லிங்கர் தன் வசதிக்கு எழுதிவைத்த குறிப்புகள், அவற்றில் சிம்பல் இல்லை.

அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால் அழகாக இருக்கும். முதலில் அந்த நான்கு எழுத்து. அடுத்து 16 பைட்டில் ஜியுஐடி, இந்த பில்டுக்கு மட்டும் உரிய அடையாளம். அடுத்து 4 பைட்டில் ‘ஏஜ்’ என்ற எண். கடைசியில் பிடிபி ஃபைலின் பாதை, அது எந்தக் கணினியில் பில்ட் ஆனதோ அந்தக் கணினியில் இருந்தபடியே முழுதாக. எங்கள் எக்ஸியில் அந்தப் பாதை டி டிரைவில் தொடங்கி, எழுதியவருடைய பெயருள்ள ஃபோல்டர் வழியாக, ‘எடை2’, ‘ரிலீஸ்’ என்று போய் முடிந்தது. நிறுவனம் இல்லாமல் போன பிறகும் எழுதியவர் பெயர் எக்ஸிக்குள் இருந்தது. அந்தப் பெயரை மேடைக்கார அண்ணனிடம் சொன்னதும், “அட, நம்ம சித்தூர்ப் பையனுங்க” என்றார். பக்கத்தில் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர்தான்.

ஷார்ஜாவில் இருந்த அந்தச் சித்தூர்க்காரருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பழைய கணினி அம்மா வீட்டில்தான் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சோர்ஸும் அதில் இருக்கலாம், எந்தப் பதிப்பு என்று உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னார். அன்று மாலையே ஸ்கூட்டரில் சித்தூர் போனேன். தெக்கேகிராமத்தை ஒட்டிய வீடு, பின்னால் சோகநாசினி ஆறு. கணவாய்க் காற்று தென்னை ஓலைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து சிபியுவை இழுத்து வெளியே வைத்தார். “பொங்கலுக்கு இதப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்னு இருந்தேன் கண்ணு” என்றார். எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்று ஓடியது.

டிஸ்க் உயிரோடு இருந்தது. ‘எடை2’ ஃபோல்டரும் இருந்தது. ஆனால் பிடிபி மூன்று இருந்தன. ஒன்று ரிலீஸ் ஃபோல்டரில், ஒன்று ‘பேக்கப்’ என்ற ஃபோல்டரில், மூன்றாவது ‘மேடைக்குக் கொடுத்தது’ என்ற ஃபோல்டரில். பெயரைப் பார்த்தால் மூன்றாவதுதான் சரியானது என்று யாரும் சொல்வார்கள். தேதியைப் பார்த்தால் ரிலீஸில் இருப்பது. இரண்டையும் நம்பக் கூடாது. ஃபைலைக் காப்பி செய்கிறபோது தேதிகள் குழம்பும், ஃபோல்டர் பெயரை யாரும் எப்படியும் வைக்கலாம். ஜியுஐடி ஒன்றுதான் உண்மை சொல்லும்.

அதைச் சரிபார்க்க சிம்செக் என்ற கருவி இருக்கிறது, விண்டோஸ் டிபக்கிங் டூல்ஸோடு வரும். எக்ஸியைக் காட்டி, பிடிபி இருக்கும் ஃபோல்டரையும் காட்டினால் பொருந்துகிறதா என்று சொல்லிவிடும். ‘மேடைக்குக் கொடுத்தது’ ஃபோல்டரைக் காட்டினேன். ஃபெயில்ட், பொருந்தவில்லை அல்லது கிடைக்கவில்லை என்றது. ரிலீஸ் ஃபோல்டர், ஃபெயில்ட். பேக்கப் ஃபோல்டரைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. தோற்ற ஃபைல் 0, தேறியது 1. கடையில் யாரும் இல்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோர்ஸ்தான் கிடைத்துவிட்டதே, மறுபடி கம்பைல் செய்தால் புது பிடிபி கிடைக்குமே என்று நினைக்கலாம். கிடைக்கும். அதன் ஜியுஐடி வேறாக இருக்கும். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே சோர்ஸைத் திரும்ப பில்ட் செய்தாலும், ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விளைவு வரும்படி லிங்கரிடம் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அடையாளம் புதிதாகத்தான் பிறக்கும். பொருந்தாத பிடிபியை வம்படியாக ஏற்றச் சொல்லி டிபக்கரிடம் கேட்கலாம், அதற்கும் ஓர் அமைப்பு உண்டு. ஆனால் கம்பைலர் பதிப்போ ஏதாவது விருப்பமோ கொஞ்சம் மாறியிருந்தாலும் முகவரிகள் தள்ளிப்போகும். அது காட்டுகிற ஃபங்ஷன் பெயர் பொய்யாக இருக்கும், பொய் என்று நமக்குத் தெரியவும் தெரியாது. தப்பான பிடிபி கையில் இருப்பதைவிட பிடிபியே இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. இல்லை என்றால் தேடுவோம், தப்பானது இருந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடுவோம்.

மறுநாள் மேடைக் கணினியில், விண்டோஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் டம்ப்ஸ் என்ற சாவியை உண்டாக்கி, டம்ப் வகை 2 என்று போட்டேன். அப்படிப் போட்டால் புரோகிராம் விழும் நேரத்தில் அதன் நினைவகம் முழுவதையும் விண்டோஸ் ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடும். வண்டி எதுவும் வராத மதிய நேரமாகப் பார்த்து, அண்ணனை விட்டுக் கொழிஞ்சாம்பாறை என்று தமிழில் அடிக்கச் சொன்னேன். விழுந்தது. டம்ப் கிடைத்தது.

கடையில் விண்டிபக் என்ற டிபக்கரில் அதைத் திறந்து, பேக்கப் ஃபோல்டரை சிம்பல் பாதையில் சேர்த்தேன். விண்டோஸின் சொந்த டிஎல்எல்களுக்கான சிம்பலை மைக்ரோசாஃப்ட் தன் பொது சர்வரில் வைத்திருக்கிறது, அந்த முகவரியையும் சேர்த்துவிட்டேன். பிறகு மாட்யூல் பட்டியல் கேட்டேன். இந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஒரு சொல் இருக்கும். ‘டெஃபர்ட்’ என்றால் இன்னும் தேடவே இல்லை என்று பொருள், இல்லை என்று பொருள் இல்லை. ‘எக்ஸ்போர்ட் சிம்பல்ஸ்’ என்றால் பிடிபி கிடைக்கவில்லை, டிஎல்எல் வெளியே காட்டும் ஃபங்ஷன் பெயர்களை மட்டும் வைத்து ஒப்பேற்றுகிறது. அப்போது வரும் ஃபங்ஷன் பெயரோடு பெரிய ஆஃப்செட் ஒட்டியிருக்கும், அந்தப் பெயரை நம்பவே கூடாது. மைக்ரோசாஃப்ட் தருவது போன்ற பொது பிடிபியில் பெயர் இருக்கும், வரி எண்ணும் உள்மாறிகளும் இருக்காது. எங்கள் எக்ஸிக்கு எதிரில் ‘பிரைவேட் பிடிபி சிம்பல்ஸ்’ என்று வந்தது. எல்லா விவரமும் உள்ள வகை அது.

கால் ஸ்டாக், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசையைக் கேட்டதும் ஃபங்ஷன் பெயர் வந்தது: சீட்டு அடிக்கும் ஃபங்ஷன், சரக்குப் பெயரை எடுக்கும் வரி. எண்ணாக இருந்தது பெயராக மாறி நின்ற அந்தக் கணத்துக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

பிடிபி இருந்ததால், சீட்டு விவரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரையும் விரித்துப் பார்க்க முடிந்தது. ஊர்ப் பெயருக்கு 32 பைட். அதை ஒட்டியே சரக்குப் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டர், 4 பைட். அந்தப் பாயின்டரில் என்ன இருந்தது என்று ஒவ்வொரு பைட்டாகப் பார்த்தேன்: 170, 224, 174, 190. தமிழில் புரோகிராம் எழுதுகிற யாருக்கும் 224, 174 என்ற ஜோடி பழக்கமானது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், முதலிரண்டும் 224, 174 அல்லது 224, 175 ஆக இருக்கும். அந்த 170, ‘ப’ என்ற எழுத்தின் கடைசி பைட். 224, 174, 190 என்பது ‘ா’ என்ற கால் குறி. பாயின்டர் இருக்க வேண்டிய இடத்தில் கொழிஞ்சாம்பாறையின் ‘பா’ உட்கார்ந்திருந்தது.

விரல் விட்டு எண்ணினேன். கொழிஞ்சாம்பாறை என்பதில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்தால் 14 குறிகள், 42 பைட். மலையாளத்தில் 13 குறிகள், 39 பைட். இரண்டுமே 32ஐத் தாண்டிப் போய்ப் பாயின்டரை முழுதாக மூடிவிடும். அந்த நான்கு பைட்டை முகவரியாகப் படித்தால் 32 பிட் புரோகிராமுக்கு உரிய 2 ஜிபி எல்லைக்கு வெளியே எங்கோ போய் நிற்கும், அதனால் ஒவ்வொரு முறையும் விழும். பொள்ளாச்சி 10 குறிகள், 30 பைட், முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 31. அடங்கிவிடும். கோபாலபுரமும் அதே கணக்கு.

வேலந்தாவளம்தான் என்னை அசர வைத்தது. தமிழில் 11 குறிகள், 33 பைட். கடைசிப் புள்ளியின் ஒரு பைட்டும் முடிவுப் பூஜ்யமும் மட்டும் பாயின்டருக்குள் வழியும். பாயின்டர் கொஞ்சம்தான் நகரும், பெரும்பாலும் படிக்கக்கூடிய இடத்திலேயே போய் விழும். அங்கே கிடப்பதைச் சரக்குப் பெயர் என்று சீட்டில் அடித்துவிடும். மலையாளத்திலோ கடைசி ‘ம்’ ஒலிக்கு ஒரே ஒரு வட்டக் குறி, தமிழில் ம, புள்ளி என்று இரண்டு. அதனால் அங்கே 10 குறிகள், 30 பைட், அழகாக அடங்கிவிடும். தமிழ் ஃபான்ட் கோளாறு என்று ஊரே பேசியதற்குக் காரணம் ஒரு மகரப் புள்ளி. ஃபான்ட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை.

திருத்தம் பத்து நிமிட வேலை. ஊர்ப் பெயருக்கான இடத்தைப் பெரிதாக்கி, அளவு பார்க்காமல் காப்பி செய்த வரியை அளவு பார்க்கும்படி மாற்றினேன். பேக்கப் ஃபோல்டரில் இருந்த சோர்ஸைத்தான் எடுத்துக்கொண்டேன். பிடிபியில் பதிந்திருந்த வரி எண்கள் அதோடுதான் ஒத்துப்போயின.

புது எக்ஸியைக் கொடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்தேன், இனி எந்த எக்ஸி கொடுத்தாலும் செய்வேன். ரிலீஸுக்கு பிடிபி உருவாகிறதா என்று பார்த்தேன். அதோடு, சிம்பல் கேட்டால் லிங்கர் பயன்படாத ஃபங்ஷன்களை நீக்குவதைத் தானாக நிறுத்திவிடும், அதைத் தனியாகச் சொல்லித் திரும்பப் போட வேண்டும். இல்லையென்றால் எக்ஸி காரணமில்லாமல் பருத்துவிடும். அடுத்து, எக்ஸிக்குள் பதியும் பிடிபி பாதையில் ஃபைல் பெயர் மட்டும் இருக்கும்படி லிங்கருக்குச் சொன்னேன். சித்தூர்க்காரரைக் கண்டுபிடிக்க அந்த நீளமான பாதைதான் உதவியது, அதற்காக என் கணினியின் ஃபோல்டர் பெயர்களை எல்லார் கைக்கும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. எக்ஸியின் விவரப் பெட்டியில் என் கடைப் பெயரும் போன் நம்பரும் போட்டுவிட்டேன், தேடுகிறவர்களுக்கு அது போதும். மூன்றாவதுதான் முக்கியம். எக்ஸியையும் பிடிபியையும் சிம்ஸ்டோர் கருவியாலும், சோர்ஸோடு சேர்த்து மூன்றையும் ஒரு ஜிப்பாகவும் இரண்டு டிஸ்க்கில் வைத்தேன். சிம்ஸ்டோர், பிடிபியை அதன் ஜியுஐடியும் ஏஜும் சேர்ந்த பெயருள்ள ஃபோல்டரில் அடுக்குகிறது, எந்த எக்ஸிக்கு எந்த பிடிபி என்ற குழப்பமே வராது. ஒரு டிஸ்க் என் கடையில், இன்னொன்று மேடைக்கார அண்ணன் வீட்டு பீரோவில். எதற்கு என்று கேட்டார். “இது நம்ம எடைமேடையோட மூலப் பத்திரமுங்க அண்ணா” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை, நிலப் பட்டா இருக்கும் தட்டிலேயே அதையும் வைத்தார்.

ஷார்ஜாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ‘மேடைக்குக் கொடுத்தது’ ஃபோல்டரில் இருந்தது எந்த பில்ட் என்று அவருக்கும் நினைவில்லை. பேக்கப் எடுத்த அன்று ராத்திரி அவசரமாக ஒரு திருத்தம் செய்து மேடைக்கே நேரில் கொண்டுபோய்ப் போட்டதாக மட்டும் ஞாபகம் என்றார்.

நேற்று மாலை அதே டிரைவர் வந்தார், மட்டை லோடு. அண்ணன் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு எனக்கு போட்டோ அனுப்பினார். ஊர் கொழிஞ்சாம்பாறை, தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி. சரக்கு: தேங்காய் மட்டை. லோடு எடை 14,880.